கசிவுநீருக்கு நானோ துணி: எந்தத் துகள், எந்த இடம், எத்தனை நாள்?

குப்பைக் கிடங்கின் கசிவுநீரை, அதாவது குப்பை வழியே இறங்கி மாசேறி வடியும் நீரை, நானோ துகள் ஏற்றிய துணியால் சுத்தப்படுத்தும் யோசனைகள் பெரும்பாலும் துகளின் பெயரோடுதான் மேசைக்கு வருகின்றன. டைட்டானியம் டைஆக்சைடா, வெள்ளியா, இரும்பா, கிராஃபீனா என்று பேச்சு தொடங்கிவிடும். முடிவெடுப்பவர் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பிடிக்க வேண்டிய மாசு எது, அது நாளொன்றுக்கு எத்தனை கிராம் வருகிறது, துணி எங்கே இருக்கப்போகிறது, தீர்ந்தபின் அதைக் கழற்றி மாற்ற முடியுமா? இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் துகளைத் தேர்ந்தெடுப்பது எளிது. தெரியாவிட்டால் எந்தத் துகளும் உதவாது.

முதலில் கணக்கு

கசிவுநீர் எல்லா வயதிலும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் அது அமிலத்தன்மையோடு, லிட்டருக்கு 10,000 மில்லிகிராமைத் தாண்டும் சிஓடியோடு (நீரிலுள்ள கரிம மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) வரும். பத்து ஆண்டு கடந்த கிடங்கில் சிஓடி 4,000க்குக் கீழே இறங்கும், பிஎச் 7.5க்கு மேலே போகும். அப்போது மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி மட்கும்போது உருவாகும், எளிதில் சிதையாத ஹியூமிக் பொருள்கள்தான். அம்மோனியா மட்டும் பல பத்தாண்டுகள் போனாலும் குறையாது. லிட்டருக்கு 500 முதல் 2,000 மி.கி. வரை இருப்பது சாதாரணம். கன உலோகங்களோ பலர் எண்ணுவதைவிடக் குறைவாகவே வரும். காற்றில்லாத குப்பைக்குள் அவை சல்பைடாகவும் கார்பனேட்டாகவும் படிந்துவிடுகின்றன. வெளியே வருவதிலும் கணிசமான பங்கு கூழ்மத் துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

இப்போது ஒரு துணியை எடுத்துக்கொள்வோம். கிடங்குகளில் வழக்கமாகப் போடும் ஊசியால் குத்தி இறுக்கிய நெய்யாத பாலிபுரொப்பிலீன் புவித்துணி, சதுர மீட்டருக்கு 400 கிராம், தடிப்பு சுமார் 4 மி.மீ. அதன் எடையில் 5 சதவீதம் நானோ துகள் ஏற்றினால் சதுர மீட்டருக்கு 20 கிராம். ஆண்டுக்கு 200 மி.மீ. நீர் குப்பை வழியே இறங்குவதாக வைத்தால், ஒரு சதுர மீட்டர் துணியைக் கடப்பது ஆண்டுக்கு 200 லிட்டர்.

அம்மோனியா லிட்டருக்கு 1,000 மி.கி. என்றால் அந்த ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 கிராம் வந்து சேரும். அம்மோனியத்தைப் பிடிப்பதில் பெயர் பெற்ற கிளினோப்டிலோலைட் ஜியோலைட் என்ற துளைமிகு கனிமம், நடைமுறையில் கிராமுக்கு 10 மி.கி. பிடித்தால் நல்ல வேலை. அப்படியானால் ஒரே ஆண்டுக்கு, ஒரே சதுர மீட்டருக்கு, 20 கிலோ ஜியோலைட் வேண்டும். 20 கிராம் எங்கே, 20 கிலோ எங்கே! சிஓடிக்கும் இதே கதிதான். ஆகவே அம்மோனியாவையும் சிஓடியையும் துணி கையாளும் என்று சொல்லும் திட்ட அறிக்கையை அந்தப் பக்கத்திலேயே மூடிவைக்கலாம். அவை உயிரியல் சுத்திகரிப்புக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலுக்கும் (ஆர்ஓ) உரிய வேலைகள்.

ஈயம் வேறு கதை. லிட்டருக்கு 0.1 மி.கி. என்றால் ஆண்டுக்கு 20 மி.கி. மட்டுமே. துகள் கிராமுக்கு 20 மி.கி. பிடித்தாலும் 20 கிராமின் கொள்ளளவு 400 மி.கி.; காகிதத்தில் 20 ஆண்டு வரும். நானோ துணிக்கு இடம் இங்கேதான்: குறைந்த செறிவில், ஆனால் நஞ்சாக இருக்கும் உலோகங்கள், ஆர்செனிக், சில நிலையான கரிமச் சேர்மங்கள்.

ஆய்வறிக்கைகளில் கிராமுக்கு 200, 300 மி.கி. என்று இருக்க, இங்கே 20 என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பெரிய எண்கள் தூய நீரில், ஒரே ஒரு உலோகத்தோடு, பிஎச் 5 அளவில், லிட்டருக்கு 50 அல்லது 100 மி.கி. செறிவில் தொடங்கிப் பெறப்பட்டவை. செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்போது துகள் பிடித்துவைக்கும் அளவும் சரிந்துவிடும். அதோடு கசிவுநீரில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் கால்சியம், சோடியம், பொட்டாசியம், ஹியூமிக் பொருள்கள் எல்லாம் அதே இடங்களுக்குப் போட்டி போடும். விற்பவர் காட்டும் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிக் கணக்கில் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு.

அடித்தளமா, ஓரப் பள்ளமா, வெளித்தொட்டியா

துணியை வைக்க மூன்று இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த முடிவின் பாதி.

முதலாவது, கிடங்கின் அடித்தளம்: வடிகால் சரளைக்கும் குப்பைக்கும் நடுவே. நீர் மிக மெதுவாக இறங்குவதால் துணிக்குள் அது தங்கும் நேரம் நாள்கணக்கில் கிடைக்கும். ஆண்டுக்கு 200 மி.மீ. என்ற வேகத்தில் 4 மி.மீ. துணியைக் கடக்க ஆறேழு நாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே 20, 30 மீட்டர் குப்பை ஏறியபின் இந்தத் துணியைத் தொடவே முடியாது. கசிவுநீர் படிந்த பழைய வடிகட்டித் துணியின் குறுக்குவெட்டைப் பார்த்தால் நிலைமை புரியும். மேல்முகத்தில் வழவழப்பான கரிய படலம், இரும்பு சல்பைடும் பாக்டீரியாவும் கலந்தது. அதன் கீழே இழைகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கெட்டியான செதில். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் செதில் நுரைத்துப் பொங்கும். அது கால்சியம் கார்பனேட். கூடவே அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு என்பதால் இந்தச் சோதனையைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். பாக்டீரியாக்கள் கொழுப்பு அமிலங்களைத் தின்னும்போது பிஎச் ஏறுகிறது, கரைந்திருந்த கால்சியம் இழைமேல் கல்லாகிறது. இழைமேல் ஒட்டவைத்த நானோ துகள் இந்தக் கல்லுக்கு உள்ளே போய்விட்டால் அதன் மீதமுள்ள 18 ஆண்டுக் கொள்ளளவால் யாருக்கும் பயனில்லை.

இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அடித்தளத் துணி பிடித்த உலோகம் கிடங்குக்குள்ளேயேதான் இருக்கிறது. பிடிக்காவிட்டாலும் அது கீழுள்ள நீர்புகாச் சவ்வின்மேல் ஓடிச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான் போகும். அடித்தள வடிகால் அடைபட்டால் மட்டும் சவ்வின்மேல் நீர் தேங்கி, அழுத்தம் கூடி, நிலத்தடி நீருக்கே ஆபத்து வரும். தேக்கம் 30 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. அங்கே துணியின் முதல் கடமை நீரை விடுவதுதான். உயிரி அடைப்புக்காக மட்டுமே துணியின் நீர்விடும் திறனை 5 முதல் 10 மடங்கு குறைத்துக் கணக்கிடுவது வடிவமைப்பாளர்களின் வழக்கம். துளைகளைக் குறுக்கும் எந்தப் பூச்சும் அந்தக் கையிருப்பைத் தின்னும். எனவே அடித்தளத்தில் பூச்சில்லாத, துளை பெரிய, சாதாரண புவித்துணி போதும். துளையிட்ட வடிகுழாயைச் சுற்றித் துணி சுற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும். பல மீட்டர் அகலத்தில் இறங்கிய நீர் முழுவதும் அந்தக் குறுகிய பரப்பில் குவிவதால் முதலில் அடைபடுவது அதுதான்.

இரண்டாவது, கிடங்கின் ஓரத்தில் நிலத்தடி நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டிய பள்ளம். சவ்வே இல்லாத பழைய கிடங்குகளுக்கு இது பொருந்தும். கசிவுநீர் நிலத்தடி நீரோடு கலந்து நீர்த்துவிடுவதால் அடைப்பு குறைவு. இந்த முறைக்கு நீண்ட அனுபவமும் இருக்கிறது: 1991இல் கனடாவின் போர்டன் படைத்தளத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் இரும்புக் குருணையும் மணலும் கலந்த தடுப்பைப் புதைத்து, குளோரின் கொண்ட கரைப்பான்கள் அதில் சிதைவதைக் காட்டினார்கள். அது நானோ இரும்பு அல்ல, சாதாரணக் குருணை. ஆண்டுக்கணக்கில் உழைத்ததற்குக் காரணமே அதுதான். பள்ளத்தைத் திறந்து மாற்றலாம், ஆனால் செலவு அதிகம். ஆகவே இங்கே மெதுவாகத் தீரும் பொருளே வேண்டும்.

மூன்றாவது, வெளியே: கசிவுநீரைச் சேர்த்து, காற்றூட்டி, படியவிட்டு, அதன்பின் கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களில் துணியை வைத்து வடிகட்டுவது. அடைபட்டால் தெரியும், தீர்ந்தால் மாற்றலாம், துகள் கழன்றாலும் அளந்து கண்டுபிடிக்கலாம். நானோ துணிக்குப் பெரும்பாலான சூழல்களில் ஏற்ற இடம் இதுவே என்பது இந்த ஒப்பீட்டின் முடிவு.

பூச்சா, இழைக்குள்ளா, நடுவில் அடைத்ததா

துகளைத் துணியில் எப்படி ஏற்றுகிறார்கள் என்பது துகளின் பெயரைவிட முக்கியம். நூற்கும்போதே பிளாஸ்டிக்கோடு கலந்துவிடுவது உற்பத்திக்கு எளிது, துகளும் கழலாது. ஆனால் 6 டெனியர் (9,000 மீட்டர் நீளம் 6 கிராம் எடை) பாலிபுரொப்பிலீன் இழையின் விட்டம் ஏறத்தாழ 30 மைக்ரான். அதில் மேற்பரப்பிலிருந்து 100 நானோமீட்டர் ஆழத்துக்குள் இருப்பது மொத்தத் துகளில் சுமார் 1.3 சதவீதம்தான். மற்றதெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் புதைந்து நீரைப் பார்க்காமலே கிடக்கும். உலோகத்தைப் பிடிக்க இந்த முறை வீண்.

பூச்சு முறையில் துகள் வெளியே இருக்கும், ஆனால் நிலைக்கச் செய்வது கடினம். பாலிபுரொப்பிலீன் நீரை ஏற்காது, ரசாயனப் பிடிப்பும் இல்லை. முதலில் நூற்பு எண்ணெயைப் போக்க, லிட்டருக்கு 1–2 கிராம் அயனியற்ற சோப்புக் கரைசலில் 50–60 டிகிரி செல்சியஸில் அலச வேண்டும். பிறகு பிளாஸ்மா கொண்டோ, கதிர்வீச்சால் அக்ரிலிக் அமிலத்தை ஒட்டுச்சேர்த்தோ மேற்பரப்பில் பிடிப்பை உண்டாக்க வேண்டும். அதன்பின் குளியலில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, உலர்த்த வேண்டும். பிழிந்தபின் துணி தன் எடைக்குச் சமமான கரைசலை வைத்திருந்தால், லிட்டருக்கு 20 கிராம் துகள் உள்ள குளியலில் ஒரு முறைக்குச் சதுர மீட்டருக்கு 8 கிராம் ஏறும். 20 கிராம் வேண்டுமானால் லிட்டருக்கு 50 கிராம் குளியல், அல்லது மூன்று முறை. குளியல் கெட்டியாக ஆகத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடும். திரண்டபின் அவை பெயருக்குத்தான் நானோ. பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி அருகே உருகும் என்பதால் 120 டிகிரிக்கு மேல் பதப்படுத்தாமல் இருப்பது நல்லது. 150 டிகிரி கேட்கும் பிசின்கள் இதற்கு ஆகாது. பிசின் குறைந்தால் துகள் உதிரும், கூடினால் துகளையே மூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. பூச்சுத் துணிகள் ஏமாற்றமளிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

மூன்றாவது முறையில் இரண்டு புவித்துணிகளுக்கு நடுவே குருணையைப் பரப்பி, ஊசியால் குத்தியோ தைத்தோ இறுக்குகிறார்கள். பென்டோனைட் களிமண் விரிப்புகள் இப்படித்தான் செய்யப்படுகின்றன. அவை சதுர மீட்டருக்கு 3.5 முதல் 5 கிலோ வரை சுமக்கும். நானோ துகளை நேரடியாகத் தூளாக அடைத்தால் துணியின் 0.1–0.2 மி.மீ. துளைகள் வழியே அது ஓடிவிடும். அதனால் 0.3 முதல் 1 மி.மீ. வரையுள்ள ஜியோலைட், கரி அல்லது பிசின்மணிக் குருணைகளின் உட்துளைகளில் நானோ இரும்பு ஆக்சைடை ஏற்றி, அந்தக் குருணையை அடைக்க வேண்டும்.

வித்தியாசத்தை எண்ணில் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் கிடங்கு, ஆண்டுக்கு 2,000 கன மீட்டர், நாளுக்கு 5.5 கன மீட்டர். ஈயம் 0.1 மி.கி. என்றால் நாளுக்கு 0.55 கிராம். 4 மி.மீ. துணிக்குள் பத்து நிமிடம் நீர் தங்க வேண்டுமானால் 11 சதுர மீட்டர் பரப்பு போதும். அதில் பூச்சாக ஏறுவது 220 கிராம் துகள். கிராமுக்கு 20 மி.கி. வீதம் 4.4 கிராம் ஈயம் பிடிக்கும், எட்டே நாளில் தீரும். அதே பரப்பில் சதுர மீட்டருக்கு 3 கிலோ குருணை அடைத்த விரிப்பு 33 கிலோ. குருணை மொத்தத்துக்கும் கிராமுக்கு 10 மி.கி. என்று பாதியாகக் குறைத்து எடுத்தாலும் 330 கிராம், அதாவது 600 நாள். வாரந்தோறும் துணி மாற்றும் ஆலையை யாரும் நடத்த மாட்டார்கள். உலோகம் பிடிக்க அடைத்த விரிப்புதான் சரி.

மின்புலத்தில் நூற்ற நானோ இழை தனி வகை. 100–500 நானோமீட்டர் தடிப்புள்ள இழைகளைச் சதுர மீட்டருக்கு சில கிராம் அளவில் ஒரு தாங்கு துணிமேல் படியவைப்பார்கள். அதன் பலம் பரப்புக் கவர்தலில் அல்ல, கூழ்மத் துகள்களைத் தடுத்து நிறுத்துவதில். உலோகத்தின் கணிசமான பங்கு கூழ்மத்தோடு வருவதால் இது நிஜமான பயன். ஆனால் படியவிடாத கசிவுநீரை இதன்மேல் விட்டால் சில மணி நேரத்திலேயே அடைபடும். அடைப்பை நீக்க எதிர்த்திசையில் நீர் பாய்ச்சினால் மெல்லிய படலம் தாங்கு துணியிலிருந்து உரிந்துவிடும். மணல் வடிகட்டிக்குப் பின்னால், கடைசிக் கட்டமாக மட்டும் வைக்கலாம்.

துகள்களைப் பற்றி

நானோ இரும்பு, அதாவது பூச்சிய இணைதிற இரும்பு, ஆறு இணைதிறக் குரோமியத்தையும் குளோரின் கரைப்பான்களையும் ஒடுக்கும். ஆனால் காற்றில்லாத, கரிமம் நிறைந்த குப்பைக்குள் குரோமியம் பெரும்பாலும் ஏற்கெனவே மூன்று இணைதிற வடிவத்துக்கு ஒடுங்கிவிட்டிருக்கும். அங்கே இதற்கு வேலையில்லை. காற்றூட்டிய நீரிலோ ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இதைத் தின்றுவிடும். சில வாரங்களில் துரு மூடும். உலர்ந்த தூள் காற்றில் தானே தீப்பற்றக்கூடியது என்பதையும் கிடங்குப் பணியாளர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நிலத்தடிப் பள்ளத்தில் கரைப்பான்கள் இருப்பது உறுதியானால் குருணை இரும்பே மேல்.

இரும்பு ஆக்சைடுகள் ஆர்செனிக்குக்கும் பல உலோகங்களுக்கும் நல்ல தேர்வு, ஆனால் காற்றூட்டிய நீரில் மட்டும். காற்றில்லாத இடத்தில் இரும்பை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் இந்த ஆக்சைடையே கரைத்து, அது பிடித்துவைத்த ஆர்செனிக்கை மொத்தமாகத் திருப்பி விட்டுவிடும். அடித்தளத்தில் இதை வைக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் இது. வெளியே வைக்கும்போதும் முன்னால் காற்றூட்டலும் படிதலும் கட்டாயம். இல்லாவிட்டால் கசிவுநீரில் கரைந்து வரும் இரும்பு காற்றுப் பட்டதும் செங்காவிச் சேறாகி விரிப்பின் முகத்தை மூடும்.

வெள்ளித் துகள் பாக்டீரியாப் படலத்தைத் தடுக்கும் என்று சொல்லி விற்கப்படுகிறது. தூய நீரில் அது உண்மை. கசிவுநீரில் குளோரைடு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், சல்பைடும் உண்டு. வெள்ளி சீக்கிரமே வெள்ளி சல்பைடாக மாறிச் செயலிழக்கும். மாறாமல் கழன்று போகும் பங்கு, பின்னாலுள்ள உயிரியல் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களைத் தாக்கும். கிடங்கின் மிகப் பெரிய மாசைக் கையாளும் உயிரிகளையே அது பலவீனப்படுத்துகிறது என்பதால், இதை எந்த இடத்துக்கும் பரிந்துரைக்க முடியாது.

டைட்டானியம் டைஆக்சைடு மாசைச் சிதைக்க 387 நானோமீட்டருக்குக் குறைந்த புறஊதா ஒளி வேண்டும். புதைத்த துணிக்கு ஒளி இல்லை. வெளியே விளக்கு வைத்தாலும் பழுப்பு நிறக் கசிவுநீர் அந்த ஒளியை மேலேயே விழுங்கிவிடும். பைகார்பனேட்டும் குளோரைடும் உருவாகும் தீவிர மூலக்கூறுகளைப் பறித்துக்கொள்ளும். எதிர்ச் சவ்வூடு பரவலுக்குப் பின் தெளிந்த நீரில் மிஞ்சும் நுண்கரிமங்களுக்கு இது உதவலாம். அப்போதும் பாலிபுரொப்பிலீன் துணியில் ஏற்றினால் துணியையே அது அரித்துவிடும்; கண்ணாடி இழைத் துணி வேண்டும்.

கார்பன் நானோகுழாயும் கிராஃபீன் ஆக்சைடும் ஹியூமிக் பொருள்களால் விரைவில் மூடப்படுகின்றன. கிராமுக்கு 800–1,200 சதுர மீட்டர் பரப்புள்ள சாதாரண முடுக்கிய கரி அதே வேலையைக் குறைந்த கவலையோடு செய்கிறது. புளூரின் சேர்ந்த நிலையான சேர்மங்களுக்குக் கரி, அயனிப் பரிமாற்றப் பிசின், கரிமம் ஏற்றிய களிமண் ஆகியவை முன்னணியில் நிற்கின்றன. குட்டைச் சங்கிலிச் சேர்மங்கள் எல்லாவற்றிலும் முதலில் தப்பி வருவதால், மாற்றும் நாளை அவற்றை வைத்தே குறிக்க வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய சோதனைகள்

பூச்சுத் துணியைத் தவிர்க்க முடியாதபோது முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 தேய்ப்புச் சோதனையைக் கடன் வாங்கலாம். கறை ஏறினால் பேச்சு முடிந்தது. அடுத்து, துணியைக் கசிவுநீரில் குலுக்கி, வெளிவந்த உலோகத்தை அளக்க வேண்டும். ஆய்வகங்கள் பழக்கத்தில் 0.45 மைக்ரான் வடிதாளைப் பயன்படுத்தி, கடந்து வந்ததைக் கரைந்தது என்று எழுதிவிடும். 450 நானோமீட்டர் துளையில் நானோ துகள் தாராளமாகப் புகுந்து போகும். அதனால் நானோ துகளையும் தடுக்கும் நுண்சவ்வு வழியாகவும் வடித்து இரண்டு எண்களையும் தரச் சொல்லுங்கள். வித்தியாசம்தான் கழன்ற துகள்.

முக்கியமானது நிரல் சோதனை: துணியை ஒரு குழாயில் பொருத்தி, நீரை அதன் வழியே தொடர்ந்து ஓட்டிப் பார்ப்பது. அந்தந்தக் கிடங்கின் உண்மையான கசிவுநீரை, துணி எந்த நிலையில் பார்க்கப்போகிறதோ அதே நிலையில் ஓட்ட வேண்டும். காற்றில்லாத இடத்துக்கான துணி என்றால் நீரை நைட்ரஜன் போர்வையில் வைத்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால் இரும்பு படியும், கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், கார்பனேட் இறங்கும், எண்களெல்லாம் பொய்யாகும். பக்கத்திலேயே துகள் ஏற்றாத அதே துணியை இன்னொரு நிரலில் ஓட்டுங்கள். இந்த ஒப்பு நிரலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீக்கத்தில் பெரும்பங்கு வெறும் துணியின்மேல் படிந்த சேற்றால் கிடைத்தது என்று அது காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு உண்டு. வெளிவரும் செறிவு, உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்கைத் தொடும்வரை ஓட்டி, அதோடு நீர்விடும் திறன் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உயிரி அடைப்புக்கு ஏஎஸ்டிஎம் டி1987 முறை இருக்கிறது.

தீர்ந்த விரிப்பை என்ன செய்வது என்பதை வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஈயமும் ஆர்செனிக்கும் செறிந்த விரிப்பு அபாயகரக் கழிவாக வகைப்படக்கூடும். அமெரிக்காவில் வகுத்த, வேறு பல இடங்களிலும் கையாளப்படும், கழிவிலிருந்து நஞ்சு எவ்வளவு கரைந்து வெளியேறும் என்று பார்க்கும் டிசிஎல்பி சோதனையில், மாதிரியை அதன் எடையைப் போல் 20 மடங்கு அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றிப் பார்ப்பார்கள். அதே கிடங்கில் திருப்பிப் புதைக்க அனுமதி கிடைத்தாலும், புதிதாக நிரப்பப்படும் பகுதியில் போட்டால் அங்குள்ள அமிலக் கசிவுநீர் பிடித்ததையெல்லாம் அவிழ்த்துவிடும். சிமென்ட்டில் கெட்டிப்படுத்தி, அமில நிலை கடந்த பழைய பகுதியில் வைப்பதே முறை. பூச்சிய இணைதிற இரும்பு ஏற்றிய விரிப்பைக் காயவிட்டால் சூடேறும். கழற்றியதும் ஈரத்தோடு மூடிய பீப்பாயில் போட்டு, தேதியும் எடையும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.